பழைய தையல் மிஷினில் இறுகிப்போன கிரீஸை எடுப்பது எப்படி?

கேள்வி: பத்தமடைக்காரி

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் அம்பாசமுத்திரத்தில் பழைய சாமான்கள் விற்கும் ஒருவரிடம் சிங்கர் தையல் மிஷின் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். கால்மிதி ஸ்டாண்டும் மேற்பலகையும் முழுதாக இருக்கின்றன. தலைப்பகுதி கனமான கறுப்பு இரும்பு. ஒரு சிறு தகட்டில் 15கே என்று எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் ஈரத்துணியால் ஒரு விரல் அகலம் துடைத்துப் பார்த்தபோது உள்ளே தங்க நிறப் பூவேலை தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எதைக் கொண்டு துடைப்பது என்ற பயம் வந்தது.

அழுக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பு வைத்திருந்தவர்கள் பல ஆண்டுகள் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்பது வாடையிலேயே தெரிகிறது. அதன்மேல் யாரோ சைக்கிள் சக்கரத்துக்கு வைக்கும் கிரீஸை ஒவ்வொரு மூட்டிலும் விரலால் அப்பியிருக்கிறார்கள். தலையை மல்லாத்திப் பார்த்தால், நூல் தூசியும் கிரீஸும் சேர்ந்து எள்ளுருண்டை போல அங்கங்கே திரண்டு கிடக்கிறது. கைச்சக்கரத்தைச் சுற்றினால் கால் சுற்று போகிறது, அதற்குமேல் நகரவில்லை.

அருகில் மிஷின் சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் கேட்டேன். தலையைக் கழற்றிப் பெட்ரோலில் முக்கி ஒரு நாள் ஊறப்போட்டால் எல்லாம் கழன்றுவிடும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கேள்விகள் மூன்று. எந்த வரிசையில் இதைச் சுத்தம் செய்ய வேண்டும்? பூவேலை அழியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? சக்கரம் நிற்பது அழுக்கினாலா, உள்ளே ஏதும் உடைந்திருப்பதாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரவிக்கையும் தலையணை உறையும் தைக்கும் அளவுக்கு எனக்குத் தையல் தெரியும். மிஷினைப் பிரித்துப் பழக்கம் இல்லை.

பதில் 1: முக்கூடல் தையற்காரர்

வணக்கம் தங்கச்சி. முப்பது ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்களுடையதைப் போன்ற தலைகள் ஏழெட்டு என் கையில் உயிர் பெற்றிருக்கின்றன. மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த ரக மிஷினில் உடைவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. 15கே மாடலுக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரம் கிடையாது. எல்லாம் எஃகுத் தண்டும் இரும்பு வார்ப்பும்தான். பெயரிலுள்ள ‘கே’ ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரின் கில்போவி ஆலையைக் குறிக்கிறது. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே செய்த தலைகள் இன்னும் நம் ஊர்த் திண்ணைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கால் சுற்று போய் நிற்கிறது என்றால், பத்துக்கு ஒன்பது முறை, ஊசிக்கு அடியில் நூலைப் பிடிக்கும் ஷட்டிலுக்குப் பின்னால் நூல் சுற்றிச் சிக்கியிருக்கும். அல்லது எண்ணெய் அரக்காகக் காய்ந்து தண்டைக் கவ்வியிருக்கும்.

உங்கள் மிஷினில் இருப்பது இரண்டு வகை அழுக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் சொன்ன கறுத்த, மெதுவான கிரீஸ் உருண்டை. அது பார்வைக்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் சுரண்டினால் வந்துவிடும். இன்னொன்று, அதற்கு அடியில் தண்டுகளின்மேல் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் பூச்சு. அது பல ஆண்டுகளாகக் காற்றோடு சேர்ந்து இறுகிய பழைய எண்ணெய். தேன் நிறத்தில் பளபளப்பதால், பித்தளை முலாம் என்றே பலர் நினைத்து விட்டுவிடுவார்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். மெழுகு போலச் சீவல் வந்து, அடியில் வெள்ளை எஃகு தெரிந்தால் அது முலாம் அல்ல. மிஷினை இறுக்கிப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆசாமிதான்.

முதலில் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளி எடுத்துத் தனியே வையுங்கள். அது தோல், எண்ணெய் பட்டால் பிறகு வழுக்கும். தலையைப் பின்பக்கமாகச் சாய்த்தால், கீல்களைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகள் தெரியும். அவற்றைத் தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும். பத்து கிலோவுக்கு மேல் எடை இருப்பதால் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தார்சாவில் காற்றோட்டமான இடத்தில் பழைய செய்தித்தாளைத் தடிமனாக விரித்து, அதன்மேல் வைத்து வேலை செய்யலாம். மேற்பலகையின்மேல் வைத்துச் செய்யாதீர்கள்; வடியும் கறுப்பு மரத்தில் ஏறினால் திரும்ப வராது.

கழற்றும் முன்பு கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகுகளை ஒரே கிண்ணத்தில் போடாதீர்கள். என் வீட்டில் இதற்கென்றே ஆச்சியின் பழைய பல்லாங்குழிப் பலகை இருக்கிறது. 14 குழிகள், கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாகப் போட்டுவிட்டால், மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். ஸ்குரூடிரைவர் திருகின் பள்ளத்தை முழுவதும் நிரப்ப வேண்டும். சின்னதைப் போட்டுத் திருகினால் பள்ளம் சிதைந்துவிடும். பிறகு அந்தத் திருகுக்கு மாற்றுத் தேடி அலைய வேண்டும்.

கழற்ற வேண்டியவை இவ்வளவே: ஊசி, பாதம், இடது ஓரத்து முகத்தகடு, ஊசி இறங்கும் தகடு, அதற்குக் கீழே துணியைத் தள்ளும் பல், சறுக்குத் தகடு, அடிநூல் சுருளை வைக்கும் பாபின் கேஸ், ஷட்டில். பின்புறத் தூணில் ஒரு வட்ட மூடி இருக்கும். அதன் திருகைத் தளர்த்தி மூடியை ஒதுக்கினால், மேல்தண்டையும் கீழே இறங்கும் கையையும் பார்க்கலாம். அதற்குமேல் பிரிக்க வேண்டாம். அடிப்பக்கத்தில் தண்டுகளின் இரு முனைகளையும் கூர்நுனித் திருகுகள் தாங்கி நிற்கும். அவற்றின்மேல் நட்டும் இருக்கும். அவற்றைத் தொட்டால், ஆலையில் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளி போய்விடும். ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் திருகும் அப்படித்தான். அது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஷட்டிலின் மூக்கு நூலைப் பிடிக்காது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு: எடுத்த எடுப்பிலேயே மண்ணெண்ணெயை ஊற்றுவது. அப்படி ஊற்றினால் வெளியே இருந்த கிரீஸ் கரைந்து எண்ணெய்த் துளைகளுக்குள்ளும் தாங்கிகளுக்குள்ளும் இறங்கிவிடும். முதலில் உலர்ந்த நிலையிலேயே சுரண்டி எடுங்கள். இதற்கு இரும்பு ஆயுதம் வேண்டாம். தென்னை ஈர்க்கைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் எந்த மூலைக்கும் போகும், வளையும், இரும்பைக் கீறாது. அகலமான இடத்துக்கு மூங்கில் சீவல். உருண்டைகள் எல்லாம் வந்த பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ். தரையில் விழும் குவியலைப் பார்த்தால், ஒரு மிஷினுக்குள் இவ்வளவு இருந்ததா என்று நீங்களே மலைத்துப் போவீர்கள்.

அடுத்தது ஷட்டில். பாபின் கேஸை எடுத்துவிட்டு, ஷட்டிலை மூடியிருக்கும் வளையத்தின் பிடியை விலக்கினால் வளையம் வரும். அதற்குப் பின்னே பிறைநிலா வடிவில் ஷட்டில் கையோடு வந்துவிடும். இந்த ரகத்தில் ஷட்டில் முழு வட்டம் சுற்றுவதில்லை. ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். ஆடும் பாதையில் ஒரு நூல் நுனி சிக்கினாலும் நீங்கள் சொன்னபடி கால் சுற்றில் நின்றுவிடும். பாதையின் பள்ளத்தைத் துணியால் துடைத்து, நுனியைத் தேடுங்கள். பல தடவை நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

அதன் பிறகுதான் மண்ணெண்ணெய். ரேஷனில் நீல நிறத்தில் கிடைப்பதே போதும். அது இல்லாதவர்கள் டீசல் பயன்படுத்துகிறார்கள். டீசல் வாடை போக நாளாகும், மற்றபடி வேலை செய்யும். ஊற்றக் கூடாது; மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சில் எடுத்து, ஒன்றோடொன்று உரசும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டிரண்டு சொட்டு விட வேண்டும். மேலே எண்ணெய்த் துளைகள், முகத்தகட்டுக்குள் ஊசித்தண்டு ஏறி இறங்கும் இடம், நூல் தூக்கியின் மூட்டு, அடியில் ஒவ்வொரு தண்டின் முனை. சாயங்காலம் விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள், மல்லுக்கட்டாதீர்கள். முதல் நாள் கால் சுற்று அரைச் சுற்று ஆனால் அதுவே பெரிது. கசியும் பழுப்புச் சாற்றைத் துடைத்துவிட்டு மறுபடி சொட்டு விடுங்கள். ஒரு மிஷின் எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. பத்தாம் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே ஒரு விரலால் தொட்டேன், சுற்றிவிட்டது.

சுற்ற ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத் தைக்க உட்காரக் கூடாது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உயவு தராது. வழியும் சாறு தெளிவாக வரும்வரை துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெயை எல்லா இடத்திலும் விடுங்கள். தண்ணீர் போலத் தெளிவாக, மெல்லியதாக இருக்கும் அந்த எண்ணெயைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். இந்த மாடலுக்குத் தலையில் எங்குமே கிரீஸ் தேவையில்லை. உங்களுக்கு முன்னால் அப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் அப்பியிருப்பார், பாவம்.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த இடத்திலும் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் அப்படி ஒன்றும் சாது அல்ல. சுமார் 38 பாகை செல்சியஸில் அதன் ஆவியும் பற்றத் தொடங்கும். அக்கினி நட்சத்திர நாளில் நம் ஊர் முற்றம் அந்தச் சூட்டைத் தாராளமாகத் தொடும். ஆகவே காலை வேளையில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் செய்யுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டிச் சமையலறை மூலையில் போடாதீர்கள்.

பூவேலையைப் பற்றி நான் சொல்வதைவிட, மரப்பாலிஷ் வேலை தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார். அவர் சொல்வதே சரியாக இருக்கும்.

பதில் 2: பொருநைக்கரைத் தச்சன்

அண்ணாச்சி என்னைத்தான் சொல்கிறார். நான் தச்சு வேலை செய்பவன். மிஷின் தெரியாது, பாலிஷ் தெரியும்.

அந்தத் தங்கப் பூவேலை கையால் வரைந்தது அல்ல, ஒட்டுப்படம். கறுப்புப் பூச்சின்மேல் படத்தை ஒட்டி, அதைக் காப்பதற்காக மேலே ஒரு தெளிவான மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். பழைய தலைகளில் அந்தப் பூச்சு பெரும்பாலும் அரக்கு. நாங்கள் அலமாரிக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போடும்போது என்ன செய்கிறோம்? அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பூசுகிறோம். எதில் கரைந்து பூச்சானதோ அதிலேயே அது மறுபடி கரையும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஸ்பிரிட், கைக்குத் தடவும் சானிடைசர், தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகிய எதுவும் அந்தப் பூவின் பக்கம் போகவே கூடாது. மேல்பூச்சு போனால் தங்கம் முதலில் வெள்ளியாக வெளுக்கும். அடுத்த துடைப்பில் படமே துணியோடு வரும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவின் மிஷினைச் சுத்தம் செய்கிறேன் என்று, பட்டறையில் கைக்கு எட்டிய ஸ்பிரிட் துணியால் பெயர் எழுதியிருந்த இடத்தை ஓங்கித் துடைத்தேன். துணியை எடுத்துப் பார்த்தால் பெயர் துணியில் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு சோறு போடும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

பூவேலையின்மேல் தையல் மிஷின் எண்ணெயையே பயன்படுத்துங்கள். பலமுறை துவைத்து நைந்த வேட்டித் துணியில் எண்ணெயைத் தொட்டு, தேய்க்காமல் வட்டமாக ஒற்றி ஒற்றி எடுங்கள். துணி கறுத்ததும் புதுப் பக்கத்தை மாற்றுங்கள். எண்ணெயைத் தடவி ஓர் இரவு விட்டுவிட்டால், மறுநாள் அழுக்கு இளகி எளிதாக வரும். முதலில் யாரும் பார்க்காத பின்புற ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். துணியில் கறுப்பு வந்தால் அழுக்கு, பொன்னிறம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் கம்பி, பல்பொடி, சமையல் சோடா எதுவும் வேண்டாம், எல்லாமே கீறும். எல்லாம் முடிந்த பின் மெழுகு பாலிஷ் மெல்லியதாக ஒரு கை போடலாம்.

பதில் 3: ஆலங்குளத்து ஆச்சி பேரன்

தேங்காய் எண்ணெயை இவ்வளவு குறை சொல்கிறீர்களே என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் ஆச்சி பீடி சுற்றாத நேரமெல்லாம் தையல்தான். நாற்பது வருடம் தலைக்கு வைக்கும் எண்ணெயைத்தான் மிஷினுக்கும் விட்டாள். அது ஒருநாளும் நின்றதில்லை.

பதில் 4: உவரிக் கடற்கரை

மேலே எழுதிய தம்பியின் ஆச்சி தினமும் தைத்திருக்கிறார். அதனால் எண்ணெய்க்கு இறுகி உட்கார நேரமே கிடைத்திருக்காது. நின்றுபோன மிஷினில்தான் அதன் குணம் தெரியும். உண்மையைச் சொன்னால் தேங்காய் எண்ணெய் மற்ற சமையல் எண்ணெய்களைவிடத் தாமதமாகவே பிசினாகும். நல்லெண்ணெய் விட்ட மிஷின் இன்னும் மோசமாக இறுகும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 பாகை வாக்கிலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழி விடியலில் சீசாவுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்பது தண்டின் இடுக்கிலும் அப்படியே நிற்கும். அதோடு, சிக்கடித்த எண்ணெயில் புளிப்பு ஏறிப் பித்தளைப் பாகங்கள் பச்சை பூக்கும்.

நான் எழுத வந்தது வேறு. முக்கூடல் அண்ணாச்சி சொன்ன முறையில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. மண்ணெண்ணெய் எல்லா எண்ணெய்ப் பசையையும் அகற்றி இரும்பை வெறுமையாக விட்டுவிடும். எங்களைப் போலக் கடல் காற்றில் இருப்பவர்கள் அதை ‘ஒரு நாள் காயவிட்டால்’ மறுநாள் காலை தண்டின்மேல் செம்பொடி படிந்திருக்கும். ஆகவே நான் மிஷின் எண்ணெயையும் வெயிலையும் மட்டுமே பயன்படுத்துகிறேன். உலர்ந்த அழுக்கைச் சுரண்டிய பின், எல்லா மூட்டுகளிலும் மிஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டு, தலையை இரண்டு மணி நேரம் நடுப்பகல் வெயிலில் வைப்பேன். கறுப்பு இரும்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் பழைய பிசின் இளகி, புது எண்ணெய் உள்ளே இறங்கும். சூடு ஆறுவதற்குள் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை அசைக்க வேண்டும். பூவேலை இருக்கும் பக்கத்தின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள். மண்ணெண்ணெய் விட்ட மிஷினை மட்டும் ஒருபோதும் வெயிலில் வைக்காதீர்கள். காரணத்தை அண்ணாச்சியே சொல்லியிருக்கிறார்.

கழற்றிய எஃகுச் சாமான்களுக்கு, அதாவது ஊசித் தகடு, பல், பாதம் போன்றவற்றுக்கு, இன்னும் எளிய வழி உண்டு. எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிநீர் வைத்து, இரண்டு கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து அரை மணி நேரம் போட்டு வைத்தால், பிசின் சவ்வாக உரிந்து வரும். எடுத்தவுடன் துடைத்து, வெயிலில் உலர்த்தி, சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவிவிட வேண்டும். அலுமினியப் பாத்திரத்திலும் வேண்டாம், அலுமினியச் சாமானையும் போட வேண்டாம். சோடா அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

பதில் 5: பத்தமடைக்காரி

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்கேனும் உதவலாம்.

முதல் இரண்டு நாள் ஈர்க்கும் மூங்கிலும் மட்டுமே. மிஷினுக்கு அடியில் இருந்து எடுத்ததை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்தேன், சிரட்டை நிறைந்துவிட்டது. அதற்குள் இருந்து ஒரு ஊக்கு, இரண்டு உடைந்த ஊசி நுனிகள், ஒரு சிவப்புப் பாவாடைக் கொக்கி, பிறகு எந்தப் பிள்ளை ஒளித்து வைத்ததோ தெரியவில்லை, ஒரு புளியங்கொட்டை ஆகியவை வந்தன.

மூன்றாம் நாள் ஷட்டிலைக் கழற்றினேன். அண்ணாச்சி சொன்னது அப்படியே இருந்தது. பிறைக்குப் பின்னால் நீல நூல் ஒன்று ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, கிரீஸில் ஊறி, கயிறு போல் முறுக்கிக் கிடந்தது. கத்தரிக்க முடியவில்லை. பழைய சவர பிளேடின் முனையால் ஒவ்வொரு இழையாக அறுத்து, ஊசியால் நெம்பி எடுத்தேன். எடுத்த பின் சக்கரம் முக்கால் சுற்று போயிற்று. ஆனால் ஊசி மேலே ஏறும் இடத்தில் கெட்டியாக நின்றது.

அங்கேதான் நீங்கள் சொன்ன தேன் நிறம். முகத்தகட்டுக்குள் ஊசித்தண்டு முழுவதும் பித்தளை போலவே மின்னியது. நகத்தால் கீறியபோது சுருண்டு வந்தது. மண்ணெண்ணெயா, வெயிலா என்று உங்கள் இருவருக்கும் நடுவே நான் திண்டாடினேன். எங்கள் ஊரில் கடல் காற்று இல்லை, ஆற்றுக் காற்றுத்தான். ஆகவே தண்டுக்கு மட்டும் ஆறு நாள் மண்ணெண்ணெய்ச் சொட்டு விட்டுத் துடைத்து, அது முழுவதும் காய்ந்த பிறகு மிஷின் எண்ணெய் விட்டு வெயிலில் வைத்தேன். ஒன்பதாம் நாள் மதியம் சுற்றியது. என்ன ஒரு சத்தம் என்று சொல்லத் தெரியவில்லை. சத்தமே இல்லை என்பதுதான் சரி.

பூவேலையின் முக்கால் பங்கு நன்றாக இருக்கிறது. துணி உரசித் தேய்ந்த முன் ஓரத்தில் மட்டும் முன்பே போய்விட்டிருக்கிறது. மேடையின் வலது ஓரத்தில் எண் பொறித்த இடத்தையும் துடைத்துப் பார்த்தேன். இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்குகிறது, முதல் எழுத்து ‘ஈ’.

இப்போது ஒரு புதிய சிக்கல். வெள்ளைத் துணியில் தைத்துப் பார்த்தால், மேலே தையல் அழகாக விழுகிறது. துணியைத் திருப்பினால் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பாபின் கேஸின் சிறு திருகை இறுக்கினேன், பயனில்லை. சக்கரத்தின் நடு முடிச்சை, அதாவது திருகும் குமிழை, கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு, பாபினில் நூல் சுற்றுவதற்காக முடிச்சைத் தளர்த்தினாலும் ஊசி நிற்காமல் சேர்ந்தே ஆடுகிறது. இரண்டும் என் தவறா?

பதில் 6: முக்கூடல் தையற்காரர்

இரண்டுமே சிறு விஷயங்கள். முதலில் எண்ணைச் சொல்கிறேன்: ‘ஈ’யில் தொடங்கும் இரட்டை எழுத்து வரிசை 1930-களின் நடுப்பகுதியிலிருந்து கிளைடுபேங்கில் வந்தது.

அடியில் வளையம் விழுந்தால் குற்றம் மேல்நூலில்தான்; பாபின் கேஸைத் தொட்டிருக்கவே வேண்டாம். அந்தச் சிறு திருகை எவ்வளவு இறுக்கினீர்களோ அவ்வளவு திருப்பித் தளர்த்திவிடுங்கள். பிறகு பாபினைக் கேஸில் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். கேஸ் தானாக இறங்கக் கூடாது. கையை லேசாகச் சுண்டினால் ஒரு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். தராசு பார்ப்பது போலத்தான்.

மேல்நூலை இரண்டு வட்டத் தட்டுகள் அழுத்திப் பிடிக்கின்றன அல்லவா, சுத்தம் செய்யும்போது அவற்றின் இடையே எண்ணெய் போயிருக்கும். எண்ணெயே படக் கூடாத இடம் அது. பாதத்தைத் தூக்கினால் தட்டுகள் விலகும். கால் அங்குல அகலத்தில் கிழித்த துணிப்பட்டையில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டைத் தொட்டு, தட்டுகளுக்கு நடுவே கொடுத்து, செருப்புத் துடைப்பது போல இங்கும் அங்கும் இழுங்கள். பட்டையிலிருந்து ஸ்பிரிட் சொட்டும் அளவுக்கு நனைக்காதீர்கள். தட்டுக்குக் கீழேயும் கறுப்புப் பூச்சுதான் இருக்கிறது, நம் தச்சர் கதை நினைவிருக்கட்டும். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை செய்துவிட்டு நூலைக் கோர்த்துவிடுங்கள். கோர்க்கும்போது பாதம் மேலே தூக்கியே இருக்க வேண்டும். இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே உட்காராது.

சக்கரத்தின் நடுவே, முடிச்சுக்கு அடியில், உள்பக்கம் இரண்டு நாக்குகளும் வெளிப்பக்கம் மூன்று காதுகளும் உள்ள ஒரு வாஷர் இருக்கிறது. அதை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டியிருப்பீர்கள். முடிச்சின் நடுவில் உள்ள சின்னத் திருகைக் கழற்றி, முடிச்சை எடுத்து, வாஷரைத் தலைகீழாகத் திருப்பாமல் அதே முகம் வெளியே இருக்கும்படி 180 பாகை மட்டும் சுழற்றி வைத்து மாட்டுங்கள். நானே இன்றும் இரண்டு தடவைக்கு ஒரு தடவை தப்பாகத்தான் வைக்கிறேன்.

புது ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உதிரிபாகக் கடையில் வீட்டு மிஷினுக்குரிய, ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள 16-ஆம் எண் ஊசி என்று கேட்டால் தருவார்கள். முதல் ஒரு வாரம் வெள்ளைத் துணியில் நல்ல வேலை எதுவும் தைக்காதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் கறுப்பு ஊசித்தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். இரவில் பாதத்தின் அடியில் ஒரு துண்டுத் துணியை நாலாக மடித்து வைத்து இறக்கிவிடுங்கள்; காலையில் துணியில் எவ்வளவு பெரிய வட்டம் என்று பாருங்கள்.

பதில் 7: பத்தமடைக்காரி

வளையம் நின்றுவிட்டது அண்ணாச்சி. வாஷரும் சரியாகிவிட்டது, நானும் முதல் தடவை தப்பாகத்தான் வைத்தேன். ஐந்து நாளாக இரவில் துணி வைத்து எடுக்கிறேன். முதல் நாள் வட்டம் ஐந்து ரூபாய் நாணயம் அளவு. இன்று காலை ஒரு மிளகு அளவு. அம்மா தன் பழைய கண்டாங்கிச் சேலையை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். கறுப்பு வந்தாலும் தெரியாது என்பதால், முதல் தலையணை உறையை நாளைக்கு அதில்தான் தைக்கப் போகிறேன்.